அத்தர் ஒண்ணுதான்

திருப்பூரில் ராத்திரி எட்டரை மணிக்கு பனியன் கம்பெனிகள் விடும். ஒன்றரை ஷிப்ட் முடித்த ஆட்கள் கும்பலாக ரோட்டுக்கு வருவார்கள். அந்தக் கும்பலுக்குள் நடந்து பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டே யார் எந்த செக்சன் என்று சொல்லிவிடலாம். கட்டிங் ஆள் மேல் பஞ்சுத் தூசி வாடை. ஓவர்லாக் டெய்லர் மேல் மெஷின் ஆயில். அயன் போடுகிறவர் மேல் ஆவியில் வெந்த துணி. பிளீச்சிங்கில் நிற்கிறவர் மேல் பவுடர் நெடி, குளித்தாலும் போகாது. இதெல்லாம் வேலையின் வாசம். ஆனால் வேலையின் வாசத்தைச் சாதியின் வாசமாக்கிப் பேசுகிற மூக்குகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. அந்த மூக்குகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அத்தர் பாட்டில் எனக்குக் காட்டிக் கொடுத்த சங்கதி.

1996இல் நான் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஐந்து பேர் காசு சேர்த்து, பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் மூணு மில்லி அத்தர் வாங்கினோம். மல்லிகையும் கஸ்தூரியும் கலந்தது. நாங்கள் பாட்டிலைத் திறந்து மூக்கில் வைத்ததும் கடைக்கார பாய் சிரித்தார். "பாட்டிலை மோந்து வாங்காதீங்கம்மா. கையில பூசிட்டுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பாட்டிலுக்கு ஒரு வாசம், உங்க ஒவ்வொருத்தர் தோலுக்கும் ஒரு வாசம்" என்றார். அவர் சொன்னது வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்தோம். திங்கட்கிழமை கம்பெனியில் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை என்று தெரிந்தது.

அயன் மாஸ்டர் அண்ணனுக்கு அது ஐந்து நிமிசத்தில் குப்பென்று எழும்பியது. பூக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அரை மணியில் மல்லிகை ஓடிப்போய் கஸ்தூரி மட்டும் மிஞ்சியது. பிளீச்சிங் தம்பிக்குத் தோல் எப்போதும் வெளுத்து வெடித்திருக்கும். அவன் மேல் பூசியது ஒரு மணி நேரத்தில் போன இடம் தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் யாரோ பூ வைத்துவிட்டுப் போன மாதிரி பவுடர் நெடிக்கு அடியில் லேசாக ஒரு தித்திப்பு மட்டும் இருந்தது. டெய்லர் அண்ணனுக்கு மெஷின் ஆயிலும் கஸ்தூரியும் சேர்ந்து புதுப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசம். என்னோடு செக்கிங்கில் இருந்த அக்கா தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைப்பவர். அவர் கழுத்தில் மல்லிகை சாயங்காலம் வரைக்கும் நின்றது. என் மேல் அது முதல் நாள் வைத்த பூவை மறுநாள் காலையில் தலையிலிருந்து எடுக்கும்போது வருகிற மணம். கொஞ்சம் முற்றிய மணம்தான். எனக்குப் பிடித்திருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. உடம்புச் சூடு அதிகமானால் லேசான சரக்கு சீக்கிரம் ஆவியாகும். மல்லிகையின் மணப்பொருள்களில் பலவும் லேசான சரக்கு, முதலில் போய்விடும். கஸ்தூரி கனமானது, மெதுவாகத்தான் கிளம்பும், கடைசி வரை உட்கார்ந்திருக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தோல் மணத்தைப் பிடித்து வைக்கும், வறண்ட தோலில் சீக்கிரம் தீர்ந்துவிடும். வேர்வையும் அப்படித்தான். உடம்பிலிருந்து புதிதாக வருகிற வேர்வைக்கு அநேகமாக மணமே கிடையாது. தோல் மேல் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று மாற்றிய பிறகுதான் வாடை வரும். அந்தக் கிருமிகள் எல்லார் தோலிலும் இருக்கின்றன, முதலாளி தோலிலும்தான். அவர் ஏசியில் உட்காருகிறார், நாம் பாய்லர் பக்கத்தில் நிற்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். இன்னொன்று, மூக்குக்கு மூக்கும் வேறு. சில வகைக் கஸ்தூரி மணம் சில பேர் மூக்குக்குத் தெரியவே தெரியாது. அடுத்தவருக்குத் தூக்கலாக இருப்பது இவருக்கு ஒன்றுமே இல்லை. ஆக ஒரு வாசம் என்பது பாட்டில் பாதி, பூசியவர் தோல் பாதி, மோந்தவர் மூக்கு பாதி. கணக்கு இடிக்கிறதா? அந்த மூணாவது பாதியில்தான் சாதி புகுந்துகொள்கிறது.

எங்கள் செக்சனுக்கு ஒரு சூப்பர்வைசரம்மா இருந்தார். முதல் வாரம் என் பக்கத்தில் வந்து, "நல்லாருக்குது அம்மிணி, எங்க வாங்கினே?" என்று கேட்டார். அடுத்த வாரம் எங்க ஊர்க்காரர் ஒருத்தர் கம்பெனிக்கு லோடு ஏற்ற வந்தார். என்னைப் பார்த்ததும் வாட்ச்மேனிடம் நான் எந்த வளவு, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார். அது செக்சன் வரைக்கும் வர அரை நாள் ஆகவில்லை. மறுநாள் அந்தம்மா அக்கா பக்கத்தில் நின்று, "உம் மேல வந்தா கோயிலுக்குள்ள வந்தாப்ல இருக்குது" என்றார். அக்கா அவர்கள் சனம். அப்படியே ரெண்டு டேபிள் தள்ளி என்னிடம் வந்தார். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். "உங்காளுகளுக்கு எதுன்னாலும் தூக்கலா இருக்கோணும். எதை மறைக்கறதுக்குடி இத்தனை அத்தரு?"

அக்காவுக்கே பொறுக்கவில்லை. "ஏனுங், ரெண்டு பேரும் ஒரே பாட்டில்தானுங் போட்டிருக்கறோம்" என்றார்.

"அதெப்படி ஒண்ணாகும்?" என்று கேட்டுவிட்டு அந்தம்மா போய்விட்டார்.

பாட்டில் மாறவில்லை, என் தோல் மாறவில்லை, வேலை மாறவில்லை. போன வாரம் நல்லாயிருந்த வாசம் இந்த வாரம் எப்படிக் கெட்டது? நடுவில் மாறியது ஒரே ஒரு தகவல். மூக்கில் ஏறியது அத்தர் இல்லை, என் வளவுதான் ஏறியது.

அதெப்படி ஒண்ணாகும் என்று கேட்டாரே, அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மல்லிகைப் பூவில் இண்டோல் என்று ஒரு சரக்கு இருக்கிறது. அது மிகக் கொஞ்சமாக இருந்தால் பூவாசம், அதிகமானால் பீ நாற்றம். மனுச மலத்திலும் இருப்பது அதே இண்டோல்தான். அது இல்லாமல் மல்லிகைக்கு அந்த மயக்கம் கிடையாது என்று மணச்சரக்குத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். அப்புறம் கஸ்தூரி. இமயமலைப் பக்கத்து ஆண் கஸ்தூரி மானுக்குத் தொப்புளுக்கும் குறிக்கும் நடுவில் ஒரு பை இருக்கிறது. மானைக் கொன்று அந்தப் பையை அறுத்து எடுத்துத்தான் காலங்காலமாக விற்றார்கள். சாமி நெற்றிக்குத் திலகமானது அதுதான், ராசாக்கள் மார்பில் பூசியதும் அதுதான். இப்போது 1972ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டத்தின்படி அந்த மானைக் கொல்லக் கூடாது. நாங்கள் வாங்கிய மாதிரி மலிவான அத்தரில் இருப்பது பாக்டரியில் செய்த கஸ்தூரி. அந்த வகையில் முதல் சரக்கை 1888இல் ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார். அவர் தேடியது வாசனையை இல்லை, வெடிமருந்தை. மலத்தில் இருப்பதும் மிருகத்தின் அடிவயிற்றில் இருப்பதும் வெடிமருந்துக்குப் பக்கத்துச் சொந்தமும் சேர்ந்ததுதான் கோயில் வாசம். பிறப்பைப் பார்த்து மணத்தை ஒதுக்குவதென்றால் முதலில் ஒதுக்க வேண்டியது அந்தப் பாட்டிலைத்தான்.

மான் பையை அறுத்தால் கஸ்தூரி. மாட்டுத் தோலை உரித்தால் தீட்டு. எங்க அப்புச்சி தோல் வேலை செய்தவர். சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, ஆவாரம்பட்டையில் பதம் பண்ணி, கவலை ஏற்றச் சாலுக்கு அடியில் தொங்குகிற தோல் வாலைத் தைத்துக் கொடுப்பார். கொங்கு நாட்டில் மோட்டார் வருகிற வரைக்கும் எத்தனையோ கிணறுகளில் இருந்து தண்ணீர் அந்தத் தோல் வழியாகத்தான் வாய்க்காலுக்கு வந்தது. அந்தத் தண்ணியில் விளைந்த நெல் நாறவில்லை, மஞ்சள் நாறவில்லை. தைத்த கை மட்டும் நாறியது. அப்புச்சி கூலி வாங்கப் போனால் வாசலுக்கு எட்டத்தில் நின்று "சாமீ" என்று குரல் கொடுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்கச் சொல்வார்களாம். ஆவாரம்பட்டை வாசம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. துவர்ப்பான, காய்ந்த, சுத்தமான வாசம் அது.

எது சுத்தம், எது அசுத்தம் என்று மூக்கா முடிவு செய்கிறது? 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் சுத்தம் பண்ணினார்கள். எதைக் கொண்டு? சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து குளத்தில் ஊற்றி. மூக்கு உள்ள மனுசன் செய்கிற காரியமா அது? வாசனையைப் பற்றி சாதிக்கு எப்போதும் கவலை இருந்ததில்லை. யார் தொட்டது என்பதுதான் கவலை. வாசனை ஒரு சாக்கு.

இல்லையென்றால் நொய்யல் ஆற்றைப் பாருங்கள். சாயப்பட்டறைத் தண்ணி ஓடி ஓடி அந்த ஆறு ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணி தேங்கி, கீழே உள்ள விவசாயம் கெட்டது. ஆற்றோரம் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட வேண்டி வந்தது. ஒரு ஆற்றையே நாற வைத்தார்கள். அதற்காகப் பட்டறை முதலாளிகளின் சாதியை யாராவது நாற்றம் பிடித்த சாதி என்று சொன்னார்களா? அவர்களுக்குப் பெண் கொடுக்க யாராவது யோசித்தார்களா? அந்த நாற்றத்துக்கு டாலர் நகரம் என்று பேர் வைத்தார்கள். கருவாடு வித்த காசு நாறுமா என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள். காசு நாறாது. கருவாடு சுமந்தவள்தான் நாறுவாள்.

நாற்றம் என்ற சொல்லுக்கே பழைய தமிழில் நறுமணம் என்றும் பொருள் உண்டு. திருக்குறளிலும் பூவின் மணத்துக்கு அந்தச் சொல் வருகிறது. நல்ல சொல் எப்படியோ கெட்ட சொல்லாகிவிட்டது. ஒரு சொல்லை இறக்க முடிகிறது. ஒரு சனத்தை இறக்கவா முடியாது?

இதை அவர்களைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. இன்றைக்குத் திருப்பூர் லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் எத்தனையோ பேர். நம் வளவுப் பையன்களே பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. "கடுகெண்ணெய் நாத்தம்" என்கிறார்கள். என் பக்கத்து மெஷினில் ஒரு ஒடிசாப் பெண் இருந்தாள். ஒரு நாள் என் அத்தரை அவள் மணிக்கட்டில் தொட்டு வைத்தேன். கடுகெண்ணெயும் மல்லிகையும் சேர்ந்து, மழை பெய்த தோட்டத்தில் பூப்பறிக்கப் போனால் வருமே, அந்தக் காரமான பச்சை வாசம் வந்தது. அவள் தன் கையைத் தானே மோந்து மோந்து பார்த்துச் சிரித்தாள். நம்மை மோந்து பார்த்து ஒதுக்கிய மூக்கை நாம் வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது.

எங்கள் பிள்ளைகள் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது கூடுதலாக சென்ட் அடித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். வீட்டுக்காரர் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார். பிறகு, "கவுச்சி சமைக்கறவங்களுக்குக் கொடுக்கறதில்லைங்க, வாடை ஆகாது" என்பார். அவர் வீட்டு அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருக்கும்.

சாதிப் பேரைச் சொல்லித் திட்டினால் 1989ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முந்தானையை மூக்கில் வைத்ததற்கு என்ன சாட்சி? வாடை ஆகாது என்று சொன்னதில் சாதிப் பேர் எங்கே இருக்கிறது? போலீஸ் ஸ்டேசனில் போய் எதை எழுதிக் கொடுப்பது? இது தெரிந்துதான் வாய் பேசியதை இப்போது மூக்கு பேசுகிறது. அதனால் சங்கத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூலியைக் கேட்கிற மாதிரி, வேலை முடிந்து குளிக்கத் தண்ணியும் இடமும் கேளுங்கள், பிளீச்சிங்கில் நிற்கிறவனுக்குக் கையுறை கேளுங்கள். எழுதுகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. யார் எங்கே எப்போது மூக்கைச் சுளித்தார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். இப்படி எழுதினால்தான் அதற்கு சாட்சி உண்டாகும்.

அத்தர் போடாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் இன்றைக்கும் போடுகிறேன், அதே மல்லிகையும் கஸ்தூரியும்தான். வயசாகித் தோல் வறண்டுவிட்டது, முன் மாதிரி நிற்பதில்லை. மத்தியானத்துக்கு மேல் கஸ்தூரி மட்டும் மிஞ்சுகிறது. குழந்தையின் உச்சந்தலையில் வருகிற வாசம் மாதிரி இருக்கிறது. இதை எதையும் மறைக்க நான் போடவில்லை. எனக்குப் பிடிக்கிறது, போடுகிறேன்.