காணாமப் போன புள்ளி

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல படம் போடறதைப் பத்தி எழுதறேன்னு சொன்னதும் எடிட்டர் சிரிச்சாங்க. "அதுல எழுத என்ன இருக்கு? எக்ஸ்போர்ட் குடுத்தா முடிஞ்சது"ன்னாங்க. ஜனவரி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அப்புறம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சது. அதுக்காக எங்க அப்பாகிட்ட நான் கத்தினேன்.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், போர்வெல் மோட்டாருக்கான ஒரு கன்ட்ரோலர். தண்ணி இறங்கிட்டா மோட்டார் தானா நின்னுடும். சோதனைக்கு வெச்ச இடம் உடுமலைப் பக்கம் எங்க பெரியப்பா தோட்டம். மாட்டினது அப்பா. அவர் 25 வருஷமா எலக்ட்ரீஷியன். இங்கிலீஷ் படிக்கச் சிரமப்படுவார். அதனால ஒயரிங் படத்தைத் தமிழ்லயே போடலாம்னு முடிவு பண்ணினேன். எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கு, டெர்மினலுக்குத் தமிழ் என்னன்னு தேடவே அரை மணி நேரம் ஆச்சு. அப்பாகிட்ட கேட்டா, "டெர்மினல்னே போடு கண்ணு, எல்லாருக்கும் புரியும்"னுட்டார்.

படத்தை இங்க்ஸ்கேப்ல வரைஞ்சேன். அது வெக்டர். அதாவது ஃபைலுக்குள்ள இருக்கிறது படம் இல்ல, படம் வரையற குறிப்பு. 'இங்க இருந்து அங்க ஒரு கோடு, இந்த எடத்துல இந்த எழுத்து' அவ்வளவுதான். எவ்வளவு பெருசாக்கினாலும் கம்ப்யூட்டர் புதுசா வரைஞ்சுக்கும், மங்காது. ஆனா எஸ்விஜி ஃபைல் சாதாரணமா ஃபான்ட்டோட பேரை மட்டும்தான் வெச்சிருக்கும், ஃபான்ட்டை வெச்சிருக்காது. மேனுவலை டைப் பண்ணின டீம் மேட்டோட லேப்டாப்ல என் தமிழ் ஃபான்ட் இல்ல. திறந்தா எழுத்தெல்லாம் கட்டத்துக்கு வெளிய ஓடிக்கிட்டிருந்தது. "படமாவே மாத்தி அனுப்பிடு"ன்னான். மாத்தினேன். சாட்ல போட்டோவா அனுப்பினேன். அவன் பாதி சைஸுக்குச் சுருக்கிப் பக்கத்துல வெச்சான். ஜெராக்ஸ் கடையில கருப்பு வெள்ளையில பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட குடுத்தாச்சு.

ரெண்டு வாரம் நல்லா ஓடிச்சு. ஒரு நாள் ராத்திரி எலி கடிச்சு சென்சார் ஒயர் ரெண்டும் ஒட்டிக்கிச்சு. கன்ட்ரோலர்ல இருந்தது 12 வோல்ட், 500 மில்லி ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர். ஷார்ட் ஆனா அரை ஆம்ப் பியூஸ் போகணும், மத்ததெல்லாம் தப்பிக்கணும். நடந்தது தலைகீழ். பியூஸ் அப்படியே இருந்தது, டிரான்ஸ்ஃபார்மர் கருகிக் கிடந்தது. கழட்டிப் பார்த்தா 5 ஆம்ப் பியூஸ்.

பெரியப்பா முன்னாடியே கத்திட்டேன். "இத்தனை வருஷம் வேலை பார்த்துட்டு பியூஸ் பார்த்துப் போடத் தெரியாதாப்பா?" அப்பா பதில் பேசல. சட்டைப் பையில இருந்து மடிச்ச பேப்பரை எடுத்து நீட்டினார். "நீ எழுதிக் குடுத்ததைத்தான் கண்ணு போட்டிருக்கேன்."

பேப்பர்ல '05 ஆம்ப்'னு இருந்தது. நான் எழுதினது 0.5. புள்ளியைக் காணோம்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து அந்தப் புள்ளி எங்க போச்சுன்னு தேடினேன். என் எழுத்து 8 பாயின்ட். இங்க்ஸ்கேப் எக்ஸ்போர்ட்ல தானா இருக்கிற அளவு 96 டிபிஐ, ஒரு அங்குலத்துக்கு 96 பிக்ஸல். ஒரு அங்குலம் 72 பாயின்ட். கணக்குப் போட்டா எழுத்துக்கு மொத்தமே 11 பிக்ஸல் உயரம்தான். அதுல தசமப் புள்ளிக்குக் கிடைச்சது ஒரே ஒரு பிக்ஸல், அதுவும் பாதிச் சாம்பல். சாட்ல போனப்போ அது ஜேபெக் ஆச்சு. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் நுணுக்கமான விஷயத்தைத்தான் முதல்ல கழிச்சுவிடும். போட்டோவுல அது தெரியாது. கோடும் எழுத்துமா இருக்கிற படத்துல எழுத்தைச் சுத்தி அழுக்கு மாதிரி படியும். மிச்சமிருந்த சாம்பலை டீம் மேட் சுருக்கினது பாதி, பிரிண்டர் பாதின்னு முடிச்சுட்டாங்க.

டீம் மேட் அதே படத்தை 300 டிபிஐ-க்கு ஏத்திப் பார்த்தான். பெருசா, வழவழன்னு மங்கலா வந்தது. ராஸ்டர்ல இல்லாத புள்ளியை எந்த நம்பரும் திருப்பித் தராது. மூல வெக்டருக்குப் போய்த்தான் மறுபடி எடுக்கணும்.

இப்போ நான் பண்றது இதுதான். படம் பேப்பர்ல எத்தனை சென்டிமீட்டர்னு முதல்லயே முடிவு பண்ணி, அதே சைஸ்ல வரையறேன். 300 டிபிஐ-ல பிஎன்ஜியா எடுக்கறேன். 8 பாயின்ட் எழுத்துக்கு 33 பிக்ஸல் கிடைக்கும், புள்ளிக்கு மூணு நாலு. பிஎன்ஜி எதையும் கழிக்காது, கோட்டுப் படத்துக்கு ஃபைலும் பெருசாகாது. பின்னணி வெள்ளைன்னு குறிப்பா வெச்சுடறேன், இல்லேன்னா சில எடத்துல கருப்பா வந்து நிக்கும். அனுப்பும்போது டாக்குமெண்ட்டா அனுப்பறேன். பிடிஎஃப் போதும்கிற எடத்துல வெக்டராவே விட்டுடறேன்.

இன்னொண்ணு. செகண்ட் இயர் லேப்ல சர்க்யூட் படத்துல 4.7 கே-ன்னு போடாம '4கே7'னு போட்டிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? ஏதோ ஸ்டைல்னு நினைச்சிருந்தேன். காப்பி எடுக்க எடுக்கப் புள்ளி அழிஞ்சுடும், அதனால புள்ளி எடத்துல ஒரு எழுத்து. எனக்கு முன்னாடியே யாரோ இதே மாதிரி புள்ளியைத் தொலைச்சிருக்காங்க. புதுப் படத்துல நான் '500 மில்லி ஆம்ப்'னு எழுதினேன்.

வெக்டர்ல இருக்கிற வரைக்கும், யார் எந்த சைஸ்ல பார்ப்பாங்கன்னு நாம கவலைப்பட வேண்டியதில்ல. ராஸ்டரா மாத்தற நிமிஷம் அதை நாமதான் அவங்களுக்காக முடிவு பண்றோம். நான் அப்பாவோட கண்ணையும் அந்தப் பேப்பரையும் நினைக்காமலே முடிவு பண்ணியிருந்தேன்.

புதுப் பிரிண்ட்டை ரிவியூவுக்கு முன்னாடி அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடி போடாம, வாசல் டியூப் லைட் வெளிச்சத்துல ஒவ்வொரு வரியா சத்தமா படிச்சார். "ஐநூறு மில்லி ஆம்ப்"னு வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்கப்பா"ன்னேன்.

"எழுத்து நல்லாத் தெரியுது கண்ணு"ன்னு சொல்லிட்டு, பேப்பரை மடிச்சு அதே சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.