ஒரு வரி விடை

பொது அறிவு நூல்களுக்கு நம் நாட்டிலே பஞ்சம் ஏற்பட்டதாக வரலாறு இல்லை. நெல் விளையாத ஆண்டிலும் அவை விளைந்திருக்கின்றன. பேருந்து நிலையத்து நடைபாதையில், ஊதுபத்திக்கும் கைக்குட்டைக்கும் நடுவே, மஞ்சள் அட்டையுடன் அவை கிடக்கும். உலகின் மிக நீளமான ஆறு, மிகச் சிறிய பறவை, முதற் பேசும் படம், முதற் பெண் பிரதமர் என யாவும் ஒவ்வொரு வரியில் அடங்கியிருக்கும். இடப்புறம் வினா; வலப்புறம் விடை. அறிவு இவ்வளவு மலிந்து கிடப்பதைக் கண்டு முகஞ்சுளிக்கும் அறிஞர் பலர். நாம் அக்கூட்டத்தினர் அல்லோம்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்று, மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்க வந்த நாம், வந்த இரண்டாந் தவணையிலேயே வினாவிடைப் போட்டிக்கு மாணவரைப் பயிற்றும் பொறுப்பையும் ஏற்க நேர்ந்தது. தொல்காப்பியம் படித்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அதிபரின் நம்பிக்கை போலும். நூலகம் என்று சொல்லத்தக்க அறை இல்லாத பாடசாலையில் அந்த மஞ்சள் அட்டைப் புத்தகமே கலைக்களஞ்சியம். போட்டிப் பரீட்சை எழுதி, எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ லயத்தை விட்டு வெளியேற நினைக்கும் பிள்ளைக்கு அதன் ஒவ்வொரு வரியும் ஒரு படி. அதைப் பழிக்க முற்படுவோர் முதலில் அப்பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தல் வேண்டும்.

ஆயினும், மூன்று ஆண்டுகளாக அவ்வரிகளை உரத்துப் படித்துவரும் எமக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்நூல்களின் வினாக்களுட் பெரும்பகுதி 'முதன்முதலில்' என்று தொடங்கி 'யார்?' என்று முடிகின்றது. ஒரு செயலுக்கு ஒரு பெயர். அச்செயலில் ஈடுபட்ட ஏனையோருக்கு அவ்வரியில் இடமில்லை.

எவரெஸ்ற் சிகரத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 8848 மீற்றர்; முதலில் ஏறியோர் ஹில்லாரி, டென்சிங்; நாள் 1953 மே 29. இவற்றிலே பிழை காண்பதற்கில்லை; உயரம் மட்டும், நேபாளமும் சீனமும் 2020 டிசம்பரில் இணைந்து அறிவித்தபடி, 8848.86 மீற்றர். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் அம்மலையை அளந்தவருமல்லர், ஏறியவருமல்லர். ஜோர்ஜ் எவரெஸ்ற் இந்திய நில அளவைத் திணைக்களத்தின் தலைவராக இருந்து 1843இல் ஓய்வுபெற்றவர். 1802இல் சென்னையை அடுத்த பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரு முக்கோண அளவை, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னரே இமயத்தை நோக்கிக் கருவியைத் திருப்பியது. அரைத் தொன் நிறையுள்ள கோணமானியைக் காடும் மேடும் சுமந்து திரிந்த கூலியாட்கள் காய்ச்சலில் மாண்டார்கள். நேபாளம் தன் எல்லையைத் திறவாமையால் நூறு மைலுக்கும் அப்பால் நின்று கோணங்களை எடுக்க வேண்டியிருந்தது. அக்கோணங்களிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டவர்களுள் தலையாயவர் வங்காளியான இராதாநாத் சிக்தார். பத்தொன்பதாம் வயதிலே, 1831இல், அத்திணைக்களத்திற் சேர்ந்தவர். 'கம்பியூட்டர்' என்பது அவருடைய பதவியின் பெயர். அச்சொல் அக்காலத்தில் மனிதரைக் குறித்தது! 1856இல் வெளியிடப்பட்ட உயரம் 29,002 அடி. இன்றைய நுட்பக் கருவிகள் காட்டும் அளவுக்கும் அதற்கும் முப்பது அடியே வேறுபாடு.

எவரெஸ்ற் தம் பெயரை இடுவதற்குத் தாமே மறுப்புக் கூறினார். அம்மறுப்பு ஏற்கப்படவில்லை, 1865இல் இலண்டனில் அப்பெயரே நிலைபெற்றது. திபெத்தியர் தம் நாவில் வழிவழியாக வழங்கிய சோமோலுங்மா என்ற பெயர் அங்கு கூடியிருந்தோர்க்குத் தேவைப்படவில்லை.

1953இற் சென்ற குழுவின் மூட்டைகளை 350இற்கு மேற்பட்ட சுமைகாவிகள் மலையடிவாரம்வரை முதுகிற் சுமந்தனர். அவ்வளவு பேர் சேர்ந்து ஆற்றிய காரியத்தின் முடிவில் உலகப் பத்திரிகைகள் கேட்டதோ ஒரே கேள்வி: உச்சியில் முதலிற் கால் வைத்தவர் யார், ஹில்லாரியா டென்சிங்கா? இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே அடைந்தோம் என்று கூறிப் பார்த்தனர். உலகம் விடவில்லை. ஈற்றில் டென்சிங் தம் வாழ்க்கை வரலாற்றில், 1955இல், ஹில்லாரியே முன் சென்றார் என்று எழுதி அத்தொல்லையிலிருந்து மீண்டார்.

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் பிளெமிங், 1928. சரியே. ஆனால் அவர் கண்ட பூஞ்சணம் மருந்தாவதற்குப் பத்தாண்டுக்கு மேற் சென்றது. ஒக்ஸ்போட்டில் புளோரியும் செயினும் அதை மருந்தாக்கினர். மருத்துவமனையின் மலத்தட்டுகளிற்கூடப் பூஞ்சணத்தை வளர்த்து அதைப் பிரித்தெடுக்கும் வழி கண்ட ஹீற்லிக்கு 1945இன் நோபல் பரிசிற் பங்கில்லை. மூவருக்கு மேல் அப்பரிசைப் பகிர்வதில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) பற்றி ஒரு வேடிக்கை: அதில் தமிழோடு தெலுங்கும் பேசப்பட்டது. அதன் நாயகி ரி. பி. ராஜலக்ஷ்மி 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார் என்ற செய்தி நம் மஞ்சள் நூலிற் கிடையாது.

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை. எம் வகுப்பறையின் சாளரத்தைத் திறந்தால் தெரிவது தேயிலை. அதற்கும் ஒரு வரி உண்டு: இலங்கையில் தேயிலையை அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் ரெய்லர், 1867.

வலயப் போட்டியில் இவ்வினாவுக்குப் பளிச்சென்று விடை கூறி எமக்கு இரண்டு புள்ளி ஈட்டித் தந்தாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. மாலையில் வெற்றிச் செய்தியைப் பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த கிழவி. "அது யாருடி? எங்க தொரைமாருல அப்புடி ஒருத்தரும் இல்லியே!" என்றாளாம். மறுநாள் அப்பிள்ளை இதைச் சொல்லிச் சிரித்தபோது வகுப்பே சிரித்தது. எமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது சிறிது நேரத்திலே அடங்கிவிட்டது.

ரெய்லர் உழைப்பாளி என்பதில் ஐயமில்லை. பதினாறு வயதில் ஸ்கொத்லாந்திலிருந்து வந்து, லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, அதை வணிகப் பயிராக்கிக் காட்டினார். 'அறிமுகம்' என்ற சொல்தான் பொருந்தவில்லை. 1824இலேயே பேராதனைப் பூங்காவிற்குத் தேயிலைச் செடி வந்துவிட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்திராவிடில் அந்த 19 ஏக்கரும் 19 ஏக்கராகவே நின்றிருத்தலும் கூடும். கோப்பிக் காலத்திலேயே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வறுமை விரட்ட வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து, வழியிலே வாந்திபேதிக்குப் பலரைப் பறிகொடுத்த மக்களே தேயிலையையும் நட்டனர். 1892இல் ரெய்லர் இறந்தபோது அவர் உடலைக் கண்டிவரை மாறி மாறித் தோளிற் சுமந்தவர்களும் அவர்களே.

தோட்டத்து வழக்கிற் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைய நாளுக்குப் 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. பெயர் என்பது அங்கு ஒரு நாட் கூலி. தமிழகராதி எதிலும் நாம் காணாத இப்பொருளை எமக்குக் கற்பித்தவள் அந்தப் பாட்டியே. விடை கூறிய பேத்தியுடன் ஒரு ஞாயிறன்று அவள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். தேயிலை மலை ஒவ்வொன்றின் பெயரும், நிறுவையில் ஈரத்திற்கென்று கழிக்கப்படும் கிலோவும், தன் பாட்டனை அழைத்து வந்த கங்காணியின் ஊரும் அவளுக்கு மனப்பாடம். எம்மிடம் எந்நூலைப் பார்க்காமலும் விடை சொன்னாள்.

'உலகின் முதற் பெண் பிரதமர்' என்ற வினாவைப் பேத்தி எடுத்தபோது மட்டும் கிழவி முந்திக்கொண்டாள். "சிறிமா அம்மா." 1960 ஜூலை 21, ஆம், நாட்டுக்குப் பெருமை தரும் விடைதான். நம் நூலில் இது 'முதன்மைகள்' என்ற பகுதியில் இருக்கிறது. இருபது பக்கம் தள்ளி, 'ஒப்பந்தங்கள்' என்ற பகுதியில், அதே பெயர் மீண்டும் வருகிறது: சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1964. ஆண்டு மட்டுமே, வேறெதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகள் பங்கிட்ட கணக்கு அது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். கிழவியின் தமையன் அதிற் சென்றவர். பிறகு இரண்டு கடிதம் வந்தனவாம். அவளுக்குக் குடியுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் எம் மாணவர் இரண்டு கொப்பிகள் வைத்திருக்கின்றனர். ஒன்று போட்டிக்கு. மற்றையது, மஞ்சள் நூலில் இல்லாத வினாவை வீட்டாரிடம் கேட்டு விடையோடு எழுதி வருவதற்கு. அரைப்பேர் என்றால் என்ன? தோட்டத்துத் தொழிலாளியின் நாட் கூலி 1000 ரூபா என வர்த்தமானி அறிவித்த ஆண்டு எது? (2021.) ஒப்பாரிக் கோச்சியில் உன் குடும்பத்திற் சென்றவர் எத்தனை பேர்? கடைசி வினாவுக்கு முப்பத்திரண்டு பிள்ளைகளிடமிருந்து வெவ்வேறு விடைகள் வந்தன, புள்ளியிட வழியில்லை.

அடுத்த போட்டி அண்மித்துவிட்டது. நடுவரின் கையிலும் மஞ்சள் அட்டைதான் இருக்கும். ஆதலால் எவரெஸ்ற்றின் உயரத்தைக் கேட்டால் 8848 என்று மட்டும் சொல்லும்படியும், மீதி 86 சென்ரிமீற்றரைப் போட்டி முடிந்து வெளியே வந்தபின் எமக்குச் சொல்லும்படியும் பிள்ளைகளிடம் கூறிவைத்திருக்கிறோம்.