அப்பா தூக்கிப்போட்ட பறையும் நான் ரசிக்கும் பாட்டுக் குழுவும்

"பாட்டுப் பாடுனா சாதி போயிருமா தோழர்?"

போடியில் கல்லூரி மாணவர்கள் நடத்தும் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி இப்படிக் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் பேச்சின் நடுவே 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போல. அங்கே சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இதை ஒரு ரசிகனின் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். வரவும் இருக்கும், செலவும் இருக்கும்.

அம்பேத்கரைப் படிப்பதற்கு முன்னாலேயே எனக்குக் கிதார் சத்தம் பிடித்துப்போனது. தேவாரத்திலிருந்து பொறியியல் படிக்கப் போன முதல் வருடம், விடுதியில் என் அறைக்காரன் ஹெவி மெட்டல் பைத்தியம். அவன் கணினியில் மெட்டாலிகா, அயர்ன் மெய்டன், பிளாக் சப்பாத் என்று நிறைந்து கிடக்கும். எனக்கு ஒரு வரி புரியாது. ஆனால் விடுதியில் ஆளாளுக்குச் சுற்றி வளைத்து "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அந்தக் கேள்வி காதில் விழாது. முதலில் பிடித்தது அதற்காகத்தான்.

அப்புறம்தான் பிளாக் சப்பாத்தின் கதை தெரிந்தது. நான்கு பேரும் பர்மிங்ஹாமின் தொழிலாளர் குடியிருப்புப் பையன்கள். கிதார் வாசித்த டோனி ஐயோமி தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு இசைக்கே போகலாம் என்று முடிவெடுத்த கடைசி நாளில், 17 வயதில், இயந்திரம் அவருடைய இரண்டு விரல் நுனிகளை வாங்கிவிட்டது. அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பி போட்டார், பின்னாளில் சுருதியையும் இறக்கிக் கட்டினார். 1970இல் முதல் ஆல்பம் வந்தது. அந்தக் கனத்த சத்தத்துக்குள் ஒரு ஆலைத் தொழிலாளியின் கை இருக்கிறது. எங்கள் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். அவர் நகக்கண்கள் எப்போதும் கறுத்துத்தான் இருக்கும். ஐயோமியின் விரலைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் 2007இல் அயர்ன் மெய்டன் பெங்களூருக்கு வந்தபோது டிக்கெட் எடுத்துப் போன சீனியர்கள் வேறு உலகம். அவர்களிடம் ஆங்கிலம் இருந்தது, கிதார் வாங்கக் காசு இருந்தது. எங்கள் பக்கத்து மேளம் அவர்களுக்கு வெறும் டப்பாங்குத்து. பர்மிங்ஹாம் தொழிலாளியின் கோபம் புரிந்தவர்களுக்குப் பக்கத்து அறைக்காரனின் கோபம் புரியவில்லை. நானும் அப்போது வாய் திறக்கவில்லை.

இனி குழுவுக்கு வருகிறேன். 2017 கடைசியில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து ஆட்களைத் தேடித் தேர்ந்தெடுத்து உருவாக்கியது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதிபேதமற்ற' என்ற அடையாளத்திலிருந்து வந்த பெயர். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. நான் அப்போது சென்னையில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். கூட்டத்தில் பின்னால் நின்று பார்த்தேன். கோட்டு சூட்டு போட்டு மேடையேறினார்கள். ஏன் கோட்டு என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டி, கட்ட மோளம், பறை ஒரு பக்கம், டிரம்ஸ், பேஸ், எலக்ட்ரிக் கிதார் இன்னொரு பக்கம். சாவு வீட்டுக் கானா பாடியவர்களும் ராப் பாடியவர்களும் ஒரே மேடையில். நான் ஹெட்போனில் ஒளிந்துகொண்டு கேட்ட அதே இரைச்சல், இந்த முறை எனக்குப் புரிகிற மொழியில்! யாரிடமிருந்தும் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. அன்று அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அந்த இரவே ஒரு நிமிட வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். அங்கேதான் வந்தது சிக்கல்.

என் தாத்தா சாவுக்குக் கொட்டடித்தவர். விரும்பி இல்லை. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் வரும், போயாக வேண்டும், இராத்திரி பகல் பார்க்க முடியாது. கூலி என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பாவும் அவர் வயதுக்காரர்களும் ஒருநாள் "இனி அடிக்க மாட்டோம்" என்று சொன்னார்கள். அதற்காக எங்கள் தெருவுக்கு வேலை மறுக்கப்பட்டது. அம்மாவும் மற்ற பெண்களும் ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது அந்த வருடம்தான். எங்கள் வீட்டில் பறையைச் சுவரில்கூட மாட்டக்கூடாது என்பது சட்டம்.

அப்பா மறுநாள் காலையில் கூப்பிட்டார். "அடிச்சா கூலி இல்ல, அடிக்காட்டி நமக்கு அடி. அப்பிடிக் கெடந்து விட்டுத் தொலைச்சத நீ மெட்ராஸ்ல போயி கைதட்டிப் பாக்குறியா?"

"இது அது இல்லப்பா. இவங்களா விரும்பி அடிக்கிறாங்க. மேடையில, சம்பளத்துக்கு."

"அவங்க ஆளுக செத்தா அடிப்பாங்களா?"

"ஆமாப்பா. வடசென்னையில கானாவே அப்பிடி வந்ததுதான். தங்க சொந்தக்காரங்க சாவுல தாங்களே பாடுவாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்கய்யா செத்தப்ப அடிக்க ஒரு ஆளு இல்ல. எல்லாரும் விட்டுட்டோம்ல." போனை வைத்துவிட்டார்.

பறையை விடுதலைக் கருவி என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள், அடிக்க மறுத்ததே விடுதலை என்று சொல்லும் மூத்தவர்களும் இருக்கிறார்கள். நம் இயக்கங்களுக்குள் இது பழைய வாதம். நான் அதைக் கட்டுரைகளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அது என் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. முதல் கச்சேரி நாளில் நான் குழுவின் பக்கம். இன்றைக்குக் கேட்டால், தூக்கிப்போட்டவர்கள் இருந்ததால்தான் விரும்பி எடுப்பதற்கு அர்த்தம் வந்தது என்பேன். அப்பாவுக்கு இந்த வாக்கியம் போதவில்லை.

சரி, குழுவின் பயணம். 2018இல் 'மகிழ்ச்சி' ஆல்பம் வந்தது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, வடசென்னை என்று நாம் துண்டறிக்கையில் எழுதும் விஷயங்கள் எல்லாம் பாட்டாயின. என் கணக்கில் இட ஒதுக்கீட்டுப் பாட்டுக்குத்தான் முதல் இடம். பத்து வருஷம் விடுதி விடுதியாக நின்று "மெரிட்" வாதத்துக்கு நான் சொன்ன பதிலைவிட அது வேகமாகப் போய்ச் சேர்ந்தது. குறையும் சொல்ல வேண்டும். சில பாட்டுகள் கோஷத்துக்கு மேளம் கட்டியதைப் போலத்தான் இருக்கும். மேடையில் இருந்த தீ ஒலிப்பதிவில் பாதிதான். இதைச் சொன்னால் கோபப்படும் ரசிகர்கள் உண்டு. படட்டும்.

பிறகு ஆட்கள் தனித்தனியாகவும் வளர்ந்தார்கள். 2019இல் அறிவு, ஒஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' கொண்டுவந்தார். 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் மேடை. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இது குழுவின் பாட்டு இல்லை, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. ஆனால் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் என்று தெரிந்ததும், எங்கள் தெரு அதைத் தன் பாட்டாகவே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமல் ஒலித்தது, மறுபடி சர்ச்சை. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பாட்டு எழுதக் கற்றுக்கொண்ட அளவுக்கு ஒப்பந்தம் படிக்கவும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். தம்பிகளே, கையெழுத்துப் போடும் முன் சட்டம் படிக்கும் ஒரு தோழரிடம் காட்டுங்கள்.

இசைவாணியைச் சொல்லாமல் விட முடியாது. தொடக்கத்தில் அத்தனை ஆண்களுக்கு நடுவே இருந்த ஒரே பெண். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலையில் பெண்கள் நுழைவு பற்றி 2018இல் அவர் பாடிய பாட்டை, 2024 நவம்பரில் மறுபடி தோண்டி எடுத்து அவரைக் குறிவைத்தார்கள். கார்த்திகையில் எங்கள் கம்பம் ரோடு முழுக்க மாலை போட்ட சாமிகள்தான். என் உறவுக்காரர்களே வாட்ஸ்அப்பில் அவரைத் திட்டி அனுப்பினார்கள். அம்மாவிடம் காட்டினேன். விடிகாலை ஜீப்புக்குத் தூக்குவாளி கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த மலைக்கு மட்டுந்தான் பொம்பள போகக்கூடாதா? இந்த மலைக்கு வேணாம்னு ஒருத்தனும் சொல்லக் காணோம்."

தம்பி கேட்ட கேள்விக்கு எங்கள் பக்கமே ஒரு பழைய பதில் உண்டு. தேவாரத்துக்குப் பக்கத்தில்தான் பண்ணைப்புரம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், மலையில் இருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடப் போனார் பாவலர் வரதராஜன். கூடப் போன சின்னத் தம்பியைத்தான் பிறகு உலகம் இளையராஜா என்று அறிந்தது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பாட்டு மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பாட்டு முதலில் மலையேறியது, கூட்டம் பிறகு கூடியது.

போன வாரம் அம்மா போகும் ஜீப்பில் நானும் மலைக்குப் போனேன். டிரைவர் தம்பியிடம் பென் டிரைவைக் கொடுத்து 'ஜெய் பீம் ஆந்தம்' போடச் சொன்னேன். பதினாலு பெண்கள் நெருக்கிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வளைவு வரை கேட்டார்கள். இரண்டாவது வளைவில் பின்னால் இருந்து ஒரு அத்தை குரல் கொடுத்தார்.

"ஏப்பா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. விடியட்டும், அப்புறம் கத்தலாம். இப்ப ராஜா பாட்டு ஒண்ணு போடு."

போட்டார். சாயங்காலம் இறங்கும்போது அதே அத்தை கேட்டார், "எங்கய்யா அந்தக் காலைப் பாட்டு?"