ஒரு நூல் கணக்கு

தச்சுப்பட்டறையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மில்லிமீட்டரில் சொன்னால் ஒரு நூல் 3.175. இதெல்லாம் தெரியாத ஏழு வயதில், எங்கள் வீட்டுக்குக் கதவு மாட்ட வந்த ஆசாரி "ரெண்டு நூல் இழைச்சா உக்காந்துரும்" என்று சொன்னதைக் கேட்டு, உள்ளே ஓடிப்போய் நூல்கண்டை எடுத்துவந்து நீட்டினேன். வீட்டார் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வாங்கி, ஒரு முழம் பிரித்து, காவிப்பொடியில் தோய்த்து, கட்டையின் மேல் விறைப்பாகப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். கோடு போட்ட நோட்டில்கூட அப்படியொரு நேர்க்கோட்டை நான் பார்த்ததில்லை.

நாற்பது வருடம் கழித்து, சென்னையில் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்தேன். சனிக்கிழமை உளி, ரம்பம், இழைப்புளி. ஞாயிற்றுக்கிழமை கணினியில் வரைந்து எந்திரத்தில் அறுப்பது. முடிவில் ஆளுக்கொரு ஆணியில்லாத ஸ்டூல் என்றார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மென்பொருள்காரர்கள். வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது ஒன்று செய்துபார்க்கும் ஆசை. எனக்கும் அதே வியாதிதான்.

சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல, உள்ளங்கைக் கொப்புளம் தவிர அதிகமில்லை. மரத்தின் இழை ஓடும் போக்கில் இழைப்புளியைத் தள்ளினால் தேக்கு சுருள்சுருளாக வரும். எதிராகத் தள்ளினால், பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவிய மாதிரி, சிலிர்த்துப் பிய்த்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆனது.

ஞாயிறு முதலில் லேசர். வெட்டும் கோட்டில் மரம் எரிந்து ஆவியாகிறது. அந்த எந்திரத்தில் கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர், அதாவது ஒரு நூலில் பதினாறில் ஒரு பங்கு. பி.வி.சி.யை மட்டும் உள்ளே வைக்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் அமிலப்புகை நுரையீரலையும் கெடுக்கும், எந்திரத்தையும் அரிக்கும். லேசர் ஓடும்போது விட்டுவிட்டு நகரவும் கூடாது, தீப்பற்றிக்கொள்ளும். அடுப்பில் பாலை வைத்தவளின் கவனம் வேண்டும்.

ஸ்டூலுக்கு 12 எம்.எம். பிளைவுட். அதற்கு சி.என்.சி. ரூட்டர். சுழலும் பிட் ஒன்று, கணினியில் வரைந்த கோட்டின் மேல் நகர்ந்து பலகையைக் குடைந்துகொண்டே போகும். இரண்டு கால் பலகைகளிலும் காடி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் குறுக்காக இறக்க வேண்டும். நானே வரைந்தேன். 12 எம்.எம். பலகைக்கு 12 எம்.எம். காடி. இதில் தவறு எங்கே வரும்?

இரண்டு இடத்தில் வந்தது. பிட் உருண்டை. 6 மில்லிமீட்டர் பிட்டால் உள்மூலையைச் சதுரமாக வெட்ட முடியாது. 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு ஒரு வளைவை விட்டுவிட்டுத்தான் திரும்பும், ஏறக்குறைய ஒரு நூல். மூலையில் கொஞ்சம் கூடுதலாகக் குடையும்படி வரைபடத்தில் சேர்த்திருந்தால் தப்பித்திருக்கலாம். நான் சேர்க்கவில்லை. பலகை அடிவரை இறங்காமல் நின்றது. சரி, இறுக்கமாகவாவது நின்றதா என்றால் அதுவுமில்லை, ஆடியது. காலிபர் வைத்துப் பார்த்தால் பலகையின் கனம் 11.6.

அங்கே ஒரு பெரியவர் இருந்தார். மரம் எடுத்துக் கொடுக்கவும் உளிகளைத் தீட்டி வைக்கவும் சேர்த்திருந்த தச்சர். என் ஸ்டூலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"பலகையை வச்சுக் கோடு போட்டீங்களா, சார்?"

"இல்லண்ணே. பன்னண்டுன்னு கம்ப்யூட்டர்ல போட்டேன்."

"பன்னண்டுன்னு கடைக்காரர் சொல்லுவாரு. பலகை சொல்லணும்ல?"

உளியை மூலையில் வைத்துக் கொட்டாப்புளியால் நாலு தட்டு. வளைவு போய் மூலை சதுரமானது. பிறகு கீழே குனிந்து, முந்தைய நாள் நான் முரட்டுத்தனமாக இழைத்த தடித்த சுருளில் ஒன்றைப் பொறுக்கி, நீளமாகக் கீறி, பசை தடவி இடைவெளியில் செருகினார். ஆட்டம் நின்றது. இதைப் பிடுங்கினால் ஆப்பசைத்த குரங்கின் கதைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வகைப் பட்டறைகளுக்கு ஃபேப் லேப் என்று பெயர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998இல் 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி' என்ற பெயரில் தொடங்கிய வகுப்பிலிருந்து கிளைத்த யோசனை. எம்.ஐ.டி.க்கு வெளியே தொடக்கத்திலேயே, 2002இல், அது வந்து இறங்கிய இடங்களில் ஒன்று புனே பக்கத்தில் பாபல் கிராமம். அங்கே ஸ்ரீநாத் கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமத்தில், கையால் செய்துதான் பாடம் படிக்க வேண்டும் என்று ஏற்கெனவே வைத்திருந்தார்கள். எந்திரம் பிறகு போய்ச் சேர்ந்தது. எங்கள் பயிலரங்கு இதைத் தலைகீழாக்கிவிட்டது. கணினி சொல்லிக்கொடுத்த இளைஞர் ஆசிரியர், அவருக்கு மைக். உளி தெரிந்தவர் எடுபிடி, அவருக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இளைஞரைக் குறை சொல்லவில்லை, நன்றாகவே நடத்தினார். ஆனால் அந்த இரண்டு நாளில் என் ஸ்டூலை நிற்க வைத்தவர் அவரல்ல.

பட்டறை நடத்துகிறவர்களே, அடுத்த தடவை அந்த நாற்காலியை ரூட்டருக்குப் பக்கத்தில் போடுங்கள். சம்பளத்தையும் இருவருக்கும் ஒன்றாகக் கொடுங்கள். அந்தப் பெரியவருக்கும் எந்திரத்தில் விருப்பமில்லாமல் இல்லை. சாயங்காலம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் திரைக்கு முன்னால் நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இதுல நூல் கணக்குல போட முடியுமா, சார்?"

முடியும். அளவை அங்குலத்துக்கு மாற்றிவிட்டு, ஒரு நூலுக்கு 0.125 என்று அடித்தால் போதும்.