தாத்தாவின் நடுக்கமும் ஒரு குரங்கின் படிப்பும்

குரங்கு என்றால் நமக்கு ஞாபகம் வருவது அனுமார் கோயில், அல்லது கையிலிருந்து பறிபோன வாழைப்பழம்! ஆனால் மூளையைப் பற்றி மருத்துவர்களுக்கு இன்று தெரிந்த பல விஷயங்கள் குரங்கின் மண்டையைத் திறந்து கற்றவை. இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்க தாத்தா.

பாகூர் கொம்யூனில் ஐம்பது வருஷம் கழனியில் மண்வெட்டி பிடித்த கை. இப்போது டீ கிளாஸைப் பிடித்தால் பாதி டீ வேட்டியில். ஜிப்மரில் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எங்க வீட்டில் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிற பிள்ளைக்கு டாக்டர் கையெழுத்தும் புரியணும் என்பது அம்மாவின் எண்ணம்!

மூளையில் டோபமின் குறைவதால் வரும் நோய் இது. 1957-ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு லெவோடோபா கொடுத்தார். அவை எழுந்து நடமாடின. தாத்தா விழுங்குவதும் லெவோடோபாதான். குரங்கின் கதை பிறகு வருகிறது. 1982-ல் கலிபோர்னியாவில் கலப்பட போதை மருந்து போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று கட்டைபோல் உறைந்து போனார்கள். அதிலிருந்த எம்.பி.டி.பி. என்ற நஞ்சைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் அப்படியே ஆனது. வேண்டுமென்றே நோயாக்கிய அந்த மாதிரிக் குரங்குகளின் மூளையில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சின்னஞ்சிறு இடத்தை 1990-ல் டிலாங் குழுவினர் செயலிழக்கச் செய்தார்கள். கை கால் மறுபடி அசைந்தன! 1993-ல் பிரான்சில் பெனபிட் அதே இடத்தில் மனிதருக்கு மின்கம்பி வைத்தார். நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகள். நம்ம லேபில் ஃபங்ஷன் ஜெனரேட்டரில் எடுக்கிற பல்ஸ் போலத்தான், ஆனால் தலைக்குள்ளே!

தாத்தாவிடம் சொன்னேன். "ஏம்மா, நம்ம நடுக்கம் நிக்கறதுக்கு அதுங்கள நடுங்க வைக்கணுமா?" என்றார். "ஆமாம் தாத்தா" என்றேன். பொய்யா சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, மாத்திரையக் குடு" என்றார்.

விலங்குச் சோதனைகளை மேற்பார்க்க 1960-ம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குழு உண்டு. குழு இருந்தாலும், மூளையின் சிக்னலைப் பதிவு செய்யக் குரங்கை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையை அசையாமல் பிணைப்பதுதான் வழக்கம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி.அருண் குழுவினர் 2021-ல் வேறு வழி காட்டினார்கள். நம்ம தென்னாட்டு நாட்டுக் குரங்குகள்தான். கட்டில்லாமல், கூட்டமாக உலவும். இஷ்டப்பட்டால் தொடுதிரைக்கு வந்து, இரண்டு படமும் ஒன்றா வேறா என்று தொட்டுச் சொல்லும். சரியாகச் சொன்னால் ஜூஸ்! பயிற்சியே பெறாத ஒரு குரங்கு, பயிற்சி பெற்றவற்றோடு சேர்ந்து இருந்தே இதைக் கற்றுக்கொண்டதாம். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாமல், வில்லியனூர் பஸ்ஸில் சீனியர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சர்க்யூட் கற்றவள் நான். அந்தக் குரங்கை வெறும் சோதனைப் பொருளாக நினைக்க என்னால் முடியவில்லை.

ஒரு நரம்பணுவின் துடிப்பு நூறு மைக்ரோவோல்ட் அளவில்தான் கிடைக்கும். அதைப் பெருக்கிக் கம்பியில்லாமல் அனுப்பினால் தலையைப் பிணைக்கும் தேவை குறையும். அந்த மாதிரிக் கருவிகள் வந்துவிட்டன. இன்னும் சின்னதாக, லேசாக வேண்டும். டிப்ளமோ முடித்து அந்த வேலைக்குப் போகத்தான் எனக்கு ஆசை. மண்டையில் துளை போடுவது அப்போதும் இருக்கும். அதற்கு என்னிடம் சர்க்யூட் இல்லை.