பாலைப் பள்ளத்தாக்கில் பரந்தாமன் திருநாமம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ நதி பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பெரும்பள்ளம் ஒன்று உள்ளது. கிராண்ட் கேன்யன் என்று உலகம் அதை அழைக்கிறது. 446 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம். ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பள்ளத்தின் உள்ளிருந்து எழுந்து நிற்கும் சிகரங்களுள் ஒன்றின் பெயர் விஷ்ணு ஆலயம். மற்றொன்று சிவ ஆலயம். பிரம்மாவின் பெயராலும் மனுவின் பெயராலும் ஆலயங்கள் உண்டு. இராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் சந்நிதிகள் உண்டு. நிலப்படத்திலேயே இப்பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. ஆனால் எந்தச் சிகரத்திலும் கருவறை இல்லை, விக்கிரகம் இல்லை, விளக்கேற்றுவாரும் இல்லை.

இப்பெயர்கள் வந்த வழி விந்தையானது. கிளாரன்ஸ் டட்டன் என்ற இராணுவ அதிகாரி, நிலவியல் அறிஞராகவும் விளங்கியவர், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்பகுதியை ஆராய்ந்து, 1882-இல் பெரியதொரு நூலை வெளியிட்டார். அடுக்கடுக்காகக் குறுகி உயரும் அந்தப் பாறைகள் அவர் கண்ணுக்குக் கீழை நாட்டுக் கோயில்களாகத் தோன்றின. பின்னர் நிலப்படம் வரைந்தோரும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தனர். பெயரிட்டவர்கள் பக்தர்கள் அல்லர். ஆயினும், மகனை நினைத்து நாராயணா என்றழைத்த அஜாமிளனுக்கே அந்த நாமம் துணைநின்றதென்று பாகவதம் கேட்டு வளர்ந்தவர்கள், இதைக் கேலியாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

டட்டன் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இது புனித பூமி என்பதையும் மறத்தல் தகாது. ஹோப்பி மக்கள் தம் முன்னோர் இவ்வுலகிற்குள் வெளிப்பட்ட வாயில் இப்பள்ளத்தில் உள்ளதென்று போற்றுகின்றனர். ஹவசுபாய் மக்கள் இன்றும் இதன் கிளைப் பள்ளத்தாக்கொன்றில் வாழ்கின்றனர். ஆதலால் விஷ்ணு பெயர் இருக்கிறதே என்று பாறையில் குங்குமம் இடுவதும், கற்பூரம் ஏற்றுவதும், தேங்காய் உடைப்பதும் கூடவே கூடாது. தேசியப் பூங்காவின் சட்டமும் இவற்றை அனுமதிப்பதில்லை.

பிள்ளைகளைக் காண அமெரிக்கா செல்லும் பெற்றோர் பலருக்கு இவ்விடத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டுவது பெரும்பாலும் பேரக் குழந்தைகளின் கோடை விடுமுறையில்தான். மூன்று தலைமுறையும் ஒன்றாகச் செல்ல விரும்புவோர் 'ஆர்.வி.' எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பதுண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை யாவும் அந்த வண்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். வெளியுணவு கொள்ளாத முதியோருக்கு இதைவிட உகந்த ஏற்பாடு அரிது. காலையில் குளித்து, பூஜைப் பெட்டியைத் திறந்து, பொங்கலோ தயிர்சாதமோ நைவேத்தியம் செய்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம்.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலிருந்து புறப்படுவோர் மாலிபு வேங்கடேசுவரர் கோயிலில் சேவித்துவிட்டுக் கிளம்பினால், ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவு. இடையில் இருப்பது மொஹாவி பாலைவனம். கொலராடோ நதிக்கரையில் உள்ள நீடில்ஸ் என்ற ஊரில் கோடைவெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதன்று. அந்த வெப்பத்தில் தார்ச்சாலை கொதிக்கும். பளுவேறிய வண்டியின் டயர்கள் வெடிக்க நேரும். பகலைத் தவிர்த்து விடியலில் அந்தப் பகுதியைக் கடப்பதே விவேகம். நீர்த்தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். குடிநீர் தனியாகவும் இருக்க வேண்டும். தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம். தெற்கு விளிம்பில் உள்ள டிரெய்லர் வில்லேஜில் மின்னிணைப்பும் நீரிணைப்பும் கிடைக்கும்.

விளிம்பை அடைந்ததும் காற்று மாறிவிடும். தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் உதகமண்டலத்தின் உயரத்தில், இருக்கிறது. ஏமாற்றம் விளைவதும் இங்கேதான். மேலே இதமாக இருக்கிறதே என்று கீழே இறங்கத் தொடங்குவார்கள். இறங்க இறங்க வெப்பம் ஏறும். நதிக்கரையில் கோடைப் பகலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். மலையேற்றத்தில் களைத்தவர் எளிதாக இறங்கித் திரும்பலாம். இங்கோ இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால், உடல் நீரிழப்பதே தெரியாது. வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் உப்புச் சத்துக் குறைந்து மயக்கம் வரும். இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. அவர்களுள் திடகாத்திரமான இளைஞர்களும் அடக்கம். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தினுள் நடக்க வேண்டாமென்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து உட்கொள்ளும் பெரியவர்கள் இறங்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

ஆனால் ஆசை விடாது. பள்ளத்தின் அடியில் நதியை ஒட்டிக் கருமையாகத் தெரியும் பாறைக்கு 'விஷ்ணு ஷிஸ்ட்' என்று பெயர். சுமார் 175 கோடி ஆண்டுப் பழமை. அதனுடன் பிணைந்து கிடப்பவை பிரம்ம ஷிஸ்ட், ராம ஷிஸ்ட் என்பன. பெருமாள் பெயர் தாங்கிய அந்தக் கல்லை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள எந்தப் பாட்டிக்குத்தான் தோன்றாது?

அதற்கு இறங்க வேண்டியதில்லை. விளிம்பின் மேலேயே யாவபாய் அருங்காட்சியகத்திலிருந்து கிராமப் பகுதியை நோக்கிச் செல்லும் சமதளப் பாதை ஒன்று இருக்கிறது. 'காலத்தின் பாதை' என்று பெயர். அதில் ஒரு மீட்டர் நடந்தால் 10 இலட்சம் ஆண்டுகள் பின்சென்றதாகக் கணக்கு. பள்ளத்தின் ஒவ்வொரு பாறை வகையிலிருந்தும் கல் கொணர்ந்து, அதன் வயதுக்குரிய இடத்தில், தொட்டுப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். விஷ்ணு பாறையும் அங்கே இருக்கிறது. சக்கர நாற்காலியிலும் செல்லலாம். நெடுந்தூரம் நடக்க இயலாதோர் கிராமத்துப் பக்கமிருந்து தொடங்கினால் அந்தக் கல்லைச் சில நிமிடங்களில் அடையலாம்.

நாள்தோறும் சங்கல்பம் செய்வோர்க்கு இப்பாதை தரும் அனுபவமே தனி. கலியுகம் பிறந்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள். இங்கே அது ஓர் அரிசிமணியின் நீளம். கலியுகம் முழுவதும் 4,32,000 ஆண்டுகள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. சதுர்யுகம் நான்கேகால் மீட்டருக்குச் சிறிது அதிகம். வைவஸ்வத மன்வந்தரத்தில் இதுவரை கழிந்தது சுமார் 120 மீட்டர். ஸ்வேத வராக கல்பம் தொடங்கிய புள்ளியோ 1,970 மீட்டரையும் கடந்து, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள முதன்மைப் பாதையின் முடிவையொட்டி வந்து நிற்கிறது. கடலுள் அமிழ்ந்த பூமியை வராகப் பெருமான் மேலே கொணர்ந்த கல்பம் அது. விஷ்ணு பாறையும் கடலடியில் வண்டலாகப் படிந்து, ஆழப் புதைந்து, வெந்து இறுகி, பின் மேலெழுந்ததே என்கின்றனர் நிலவியலார். புராணக் கணக்கும் பாறைக் கணக்கும் ஒன்றே என வாதிடுவது பொருந்தாது. இரண்டும் வேறு வேறு வழிகளில் வந்தவை. எனினும், வாயால் மட்டும் சொல்லிவந்த எண்களைக் காலால் நடந்து அறிவது சிறிய பேறன்று.

சிவ ஆலயத்தை ஹோப்பி முனையிலிருந்து நன்கு காணலாம். இலவசப் பேருந்து உண்டு. விஷ்ணு ஆலயத்தைத் தரிசிக்கக் கிழக்கே கிராண்ட்வியூ முனைக்குச் செல்ல வேண்டும். ஜூலை முதல் பிற்பகலில் இடிமழை வருவதுண்டு. மின்னல் தெரிந்தால் விளிம்பில் நிற்கலாகாது. வானம் தெளிந்திருந்தால் இரவு ஏழரையை நெருங்கும்போது பள்ளம் முழுவதும் நீலநிழலில் மூழ்க, சிகரத்தின் உச்சி மட்டும் செம்பொன்னாய் நிற்கும். கோபுர தரிசனம் போலக் கைகூப்பிவிட்டு, நீர்மோர் அருந்தி, வண்டிக்குத் திரும்பலாம். மறுநாள் நான்கு மணிக்கே புறப்பட்டால், வெயில் உச்சிக்கு வருமுன் நீடில்ஸைக் கடந்துவிடலாம்.