ஊருக்குப் போறீங்களா? சட்டியை எட்டிப் பாருங்க!

எந்த ஊர் சாப்பாடு பெஸ்ட்? ஹாஸ்டல்ல இருக்கிற உங்க எல்லார் ரூம்லயும் இந்தச் சண்டை நடந்திருக்கும். கோயம்புத்தூர்ல எங்க ரூம்ல நாலு பேர், நாலு மாவட்டம். உள்ளூர்க்காரன் அரிசிம்பருப்பு சோறுதான் உசத்தின்னு அடிச்சுச் சொல்வான். திருநெல்வேலிக்காரனுக்கு சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் தேங்காய்ப்பால் ஊத்தி வைக்கிற அந்தச் சொதிக்காகவே சொந்தக்காரங்க கல்யாணம் ஒண்ணையும் விடமாட்டான். நாகர்கோவில்காரன் தீபாவளி லீவு முடிஞ்சு ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டு வந்தான். கடிச்சுப் பார்த்தா உள்ளே சிறுபயறு, வெல்லம், தேங்காய். முந்திரி மருந்துக்குக்கூட இல்லை! கேட்டா, "லேய், கொடிமுந்திரி குலை மாதிரி இருக்கும்லா, அதாம்ல பேரு"ங்கிறான். முந்திரிக்காட்டு ஊர்லேர்ந்து வந்த என்கிட்டயே!

என் ஊர் ஆலத்தியூர். செந்துறை பக்கம். 2007-ல பெரம்பலூர்லேர்ந்து பிரிஞ்ச அரியலூர் மாவட்டம். "சிமெண்ட் ஃபேக்டரி ஊர்தானே?" இதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. ஆமாங்க. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்ப் பக்கமெல்லாம் கடல். அந்தச் சிப்பி, நத்தையெல்லாம் படிஞ்ச சுண்ணாம்புக்கல்தான் இன்னைக்கு சிமெண்ட். கடல் போயிடுச்சு, எங்களுக்கு மிச்சம் கருவாடு!

போன மே மாசம் அந்த நாகர்கோவில்காரனும் என்கூட ஊருக்கு வந்தான். அம்மாவுக்கு ஒரே பரபரப்பு. பிராய்லர் கோழி வாங்க அப்பாவை டவுனுக்கு விரட்டுச்சு. வெள்ளை வெளேர்னு பொன்னி அரிசிச் சோறு. கம்பங்கூழ்ச் சட்டியை மட்டும் பின்கட்டுக்குத் தள்ளிடுச்சு. "ஏம்மா?"ன்னா, "கூழு குடிக்கிற வூடுன்னு நெனச்சுடப் போறான்டா"ன்னு கிசுகிசுத்துச்சு.

அம்மாவைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. அப்பாயி காலத்துல நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான். மத்த நாளெல்லாம் கம்பு, வரகு, கேழ்வரகு. வானம் பார்த்த பூமியில வேற என்ன விளையும்? வரகை உமி போக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுடும். அதுலேர்ந்து தப்பிச்சு வந்த சோறு இது. இப்ப பெரம்பலூர் பக்கம் போனா கண்ணுக்கெட்டின தூரம் மக்காச்சோளம். அதுவும் நம்ம தட்டுக்கு வராது, பெரும்பாலும் கோழித்தீவனம்தான். முட்டையா மாறி மெஸ்ஸுக்கு வந்தா உண்டு. ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. அப்பாயி ஆக்கின அதே வரகை கோயம்புத்தூர்ல 'மில்லெட்'னு பளபள பாக்கெட்ல விக்கிறாங்க. விலையைப் பார்த்தா அப்பாயி மயக்கம் போட்டுடும்!

நம்மாளு என்ன பண்ணான் தெரியுமா? கை கழுவப் பின்கட்டுக்குப் போனவன் திரும்பி வரலை. போய்ப் பார்த்தா, அப்பாயி பக்கத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கான். கையில சொம்பு. மோர் ஊத்திக் கரைச்ச கூழ், கடிச்சுக்க எங்க பக்கத்துச் சின்ன வெங்காயம், மோர்மிளகா. "பாட்டி, இன்னும் கொஞ்சம்"ங்கிறான். அவன் பேசறது அப்பாயிக்குப் பாதி புரியலை, அப்பாயி பேசறது அவனுக்குப் பாதி புரியலை. சொம்பு மட்டும் நிறைஞ்சுக்கிட்டே இருக்கு. வாசப்படியில நின்னு பார்த்த அம்மா முகத்துல வெட்கமா, சந்தோஷமா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை.

மறுநாள் அம்மாவே இறங்கிடுச்சு. பச்சை முந்திரிக்கொட்டையைப் பிளந்து பருப்பெடுத்து ஒரு குழம்பு. தோல்ல இருக்கிற பால் பட்டா கை வெந்துடும். சாம்பலைப் பூசிக்கிட்டுத்தான் உரிக்கணும். வேக வெச்சா பருப்பு மெத்துனு கறி மாதிரி இருக்கும். கடையில விக்கிற காய்ஞ்ச முந்திரியில இது வராது. சித்திரையை விட்டா அடுத்த வருஷம்தான். வருஷா வருஷம் சாப்பிட்டிருக்கேன், பெருமையா ஒருநாளும் ரூம்ல சொன்னதில்லை. அவன் போய் மூணு ஊர்க்காரனுங்க முன்னாடி அரைமணி நேரம் சொன்னான்.

போன வாரம் அம்மா போன். "அந்தப் பையன் இந்த லீவுக்கும் வர்றானாடா? முன்னாடியே சொல்லு, கம்பு ஊறப்போடணும்." பிராய்லர் கோழியும் உண்டாம்.